கட்டியைத் தேடிச் செல்லும் நுண்துகள்கள்
நானோ மருந்து குறித்து நோயாளிகள் கேட்பதும் நாங்கள் சொல்வதும்

எமது புறநோயாளர் பிரிவில் அண்மைக்காலமாக ஒரு வினா அடிக்கடி எழுகிறது. "நானோ மருந்து என்று ஒன்று வந்திருக்கிறதாமே டாக்டர், நல்ல செல்லைத் தொடாமல் கட்டியை மட்டும் தேடிப் போய் அழிக்குமாமே, அதையே எங்கள் அம்மாவுக்குப் போட்டுவிடலாமா?" கேட்பவரின் கையில் பெரும்பாலும் கைப்பேசி இருக்கும். அதில் நீல நிற இரத்தக் குழாய்க்குள் பொன்னிறப் பந்துகள் மிதந்து செல்லும் காணொளி ஓடிக்கொண்டிருக்கும்.

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த குடும்பத்தை நாங்கள் மறக்கவில்லை. தாய்க்கு மார்பகப் புற்றுநோய். அக்குளில் நெறி கட்டியிருந்ததே தவிர, வேறு உறுப்புகளுக்கு நோய் பரவியிருக்கவில்லை. மகன்கள் இருவரும் முந்திரித் தோப்பை அடமானம் வைக்கப் பேசி முடித்துவிட்டே எங்களிடம் வந்தார்கள். "சாதாரண மருந்து வேண்டாம் சார், நானோ போடுங்கள், பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்றார் மூத்தவர். தாயின் மீதுள்ள அன்பே அவரை அப்படிப் பேச வைத்தது. ஆயினும், அவர் கேட்டது அந்தத் தாய்க்குத் தேவையானதன்று. அன்று நாங்கள் அவர்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கியதை விரித்து எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இக்கட்டுரை.

முதலில் சிக்கல் எது என்பதைப் பார்க்க வேண்டும். கீமோ என்று நாம் வழங்கும் வேதிச்சிகிச்சையில் கையின் சிரை வழியாகச் செலுத்தப்படும் மருந்து, சில நிமிடங்களில் உடல் முழுவதும் பரவிவிடுகிறது. அதற்குத் திசை தெரியாது. வேகமாகப் பெருகும் செல்களை அது தாக்கும்; புற்றுச் செல் அவ்வாறு பெருகுவது உண்மைதான். ஆனால் மயிர்க்கால், வாயின் உட்தோல், குடலின் உட்பூச்சு, எலும்பு மச்சை ஆகியவற்றின் செல்களும் அவ்வாறே பெருகுகின்றன. முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், இரத்த அணுக்கள் குறைவதும் இதனால்தான். கடைமடை உழவருக்கு இந்தக் கணக்கு புரியும். வீராணத்தில் எவ்வளவு நீர் திறந்தாலும், வழியெல்லாம் பிரிந்துபோக, கடைசி வயலுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதே கேள்வி. கட்டிதான் அந்தக் கடைசி வயல். நீரைக் கூட்டித் திறந்தால் வழியிலுள்ள கரைகள் உடையும். குறைத்துத் திறந்தால் வயல் காயும்.

மருந்தை ஒரு கூட்டுக்குள் அடைத்து, வழியில் சிந்தாமல் கட்டிக்குக் கொண்டுபோக இயலுமா என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது.

எவ்வளவு சிறியது?

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. இப்படிச் சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது என்பது எங்கள் அனுபவம். ஆகவே வேறு விதமாகச் சொல்கிறோம். புற்றுநோய்க்குப் பயன்படும் நானோதுகள் ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். நம் இரத்தத்தில் ஓடும் சிவப்பணு ஒன்றின் குறுக்களவு 7,000 முதல் 8,000 நானோமீட்டர். அந்தத் துகளை ஓர் அரிசி மணி அளவுக்குப் பெரிதாக்கினால், அதே விகிதத்தில் சிவப்பணு ஒரு முறம் அளவுக்கு ஆகிவிடும்.

இந்த அளவு தற்செயலாக வந்ததன்று. ஐந்தாறு நானோமீட்டருக்கும் குறைவான துகள்களைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும். மிகப் பெரிய துகள்களைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இந்த மருத்துவம் நடைபெறுகிறது.

முதலில் வெற்றி கண்ட கூடு கொழுப்பினால் ஆனது. 1960-களில் இங்கிலாந்தின் பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தில் அலெக் பாங்ஹாம் என்பவர், பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்புப் பொருளை நீரில் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவை தாமாகவே உருண்டைப் பைகளாகச் சேர்ந்துகொள்வதைக் கண்டார். நம் செல்களின் சுவரும் அதே வகைக் கொழுப்பினால் ஆனதுதான். அந்தப் பைக்கு லிபோசோம் என்று பெயர். உள்ளே நீர், வெளியே கொழுப்புச் சுவர். உள்ளே மருந்தை அடைக்கலாம் என்று சொல்வது எளிது. அடைத்த மருந்து கசியாமல் இருக்கச் செய்யவும், இரத்தத்தில் செலுத்தியதும் கல்லீரல் விழுங்கிவிடாமல் காக்கவும் முப்பது ஆண்டுகள் ஆயின.

ஜெருசலேமைச் சேர்ந்த பாரன்ஹோல்ஸ், கபிஸோன் ஆகியோரின் உழைப்பில் அதற்கு வழி பிறந்தது. லிபோசோமின் வெளிப்புறத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளின் இழைகளை ஒட்டினார்கள். அந்த இழைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு துகளைச் சுற்றி ஒரு போர்வையாக நிற்கும். நோய்க்கிருமிகளைப் பிடித்து விழுங்கும் நம் உடலின் காவல் செல்களுக்கு, போர்வைக்குள் இருப்பது அயல்பொருள் என்பது உடனே தெரிவதில்லை. டாக்ஸோரூபிசின் என்னும் மருந்தை இவ்வாறு அடைத்துச் செய்த 'டாக்ஸில்' 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நானோ மருந்துகளில் முதன்மையாகச் சொல்லப்படுவது அதுவே. ஒரு துகளுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கின்றன. கூடு இல்லாத டாக்ஸோரூபிசின் சில நிமிடங்களில் இரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் பரவிவிடும். கூட்டுக்குள் அடைக்கப்பட்டதோ இரண்டு நாள்களுக்குப் பின்னும் கணிசமாக இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அரைகுறைக் கரையும் வடிகால் இல்லா வயலும்

சுற்றிக்கொண்டிருந்தால் போதுமா, கட்டிக்குள் எப்படி நுழையும்? காணொளிகளில் துகளுக்குக் கண் முளைத்தாற்போல் காட்டுகிறார்கள். உண்மையில் அது எதையும் தேடுவதில்லை. கட்டியின் குறைபாடே அதற்கு வாசலாகிறது.

புற்றுக்கட்டி வேகமாக வளரும்போது தனக்கென இரத்தக் குழாய்களை அவசர அவசரமாக உண்டாக்கிக்கொள்கிறது. ஒரே வாரத்தில் கட்டிய வாய்க்கால் கரையைப் போல அவற்றின் சுவர்களில் பொத்தல்கள் இருக்கும். சாதாரண நுண்குழாய்ச் சுவரின் இடைவெளி பெரும்பாலும் பத்து நானோமீட்டருக்கும் குறைவு; கட்டியின் குழாய்களில் அது சில நூறு நானோமீட்டர் வரை இருக்கக்கூடும். ஆக, நல்ல திசுக்களில் வெளியேற இயலாத துகள், கட்டியில் கசிந்து வெளியேறுகிறது. கசிந்ததை வடித்துச் செல்ல வேண்டிய நிணநீர்க் குழாய்களும் கட்டிக்குள் சரிவர அமைவதில்லை. நுழைந்தது அங்கேயே தங்கிவிடுகிறது. ஜப்பானைச் சேர்ந்த ஹிரோஷி மயேதா, யாசுஹிரோ மட்சுமுரா இருவரும் 1986-இல் இதை விளக்கினார்கள். இத்துறை முழுவதும் பல ஆண்டுகள் அந்த ஒரே கருத்தின் மேல்தான் நின்றது.

இந்த இடத்தில் கதை முடிந்துவிட்டதாகத்தான் பலர் எழுதுகிறார்கள். முடியவில்லை.

மழைக்காலத்தில் கடலூர் மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளில் வாழ்வோருக்கு ஒன்று தெரியும்: வடிகால் இல்லாமல் நீர் நிறைந்து நிற்கும் வயலுக்குள் புதிய நீரும் ஏறாது. கட்டியின் உள்ளேயும் அதுவே நிகழ்கிறது. வடியாத நீரினால் உள்ளழுத்தம் கூடி, வரும் துகளை வெளியே தள்ளுகிறது. எலிகளின் தோலடியில் வளர்க்கப்படும் கட்டிகளில் பொத்தல்கள் தாராளம். மனிதரின் கட்டிகளில் அவ்வளவு இல்லை. ஒருவருக்கும் இன்னொருவருக்கும், ஏன், ஒரே நோயாளியின் ஈரல் கட்டிக்கும் நுரையீரல் கட்டிக்கும்கூட வேறுபாடு உண்டு. டொராண்டோவைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று, முந்தைய பத்தாண்டுகளின் விலங்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016-இல் வெளியிட்ட கணக்கு, இத்துறையினரையே திகைக்க வைத்தது. செலுத்தப்பட்ட துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது, இடைநிலை மதிப்பாக, 0.7 விழுக்காடு. ஆயிரம் துகள் அனுப்பினால் ஏழு. எஞ்சியவற்றில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் எடுத்துக்கொள்கின்றன.

"அப்படியானால் இது ஏமாற்றா?" என்று அந்த இளைய மகன் கேட்டார். நியாயமான கேள்வி. இல்லை என்பதே எங்கள் பதில். ஆனால் நன்மை விளைவது காணொளி காட்டும் இடத்தில் அன்று.

நன்மை எங்கே?

டாக்ஸோரூபிசின் மிகச் சிறந்த மருந்து. அதன் சிவப்பு நிறத்தால் நோயாளிகள் அதைச் 'சிவப்பு மருந்து' என்றே அழைக்கிறார்கள். ஆனால் அது இதயத் தசையைச் சிறிது சிறிதாகப் பழுதாக்கும். எனவே ஒருவர் தம் வாழ்நாளில் இவ்வளவுக்கு மேல் பெறக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறோம். நோய் மீண்டு வரும்போது, முன்பு பலன் தந்த மருந்தையே கொடுக்க முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நிலை அதனால் ஏற்படுகிறது. லிபோசோம் கூடு பெரும்பாலும் இதயத் தசைக்குள் கசிவதில்லை, அங்குள்ள குழாய்ச் சுவர்கள் செம்மையாக இருப்பதால்.

பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 509 பெண்களிடம் நடத்தி 2004-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றைப் பார்ப்போம். ஒரு பிரிவினருக்குச் சாதாரண டாக்ஸோரூபிசின், மறு பிரிவினருக்கு லிபோசோம் வகை. நோயைக் கட்டுப்படுத்திய காலமும், உயிர்வாழ்ந்த காலமும் இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒன்றே. இதயம் பழுதாகும் அபாயம் சாதாரண மருந்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு. முடி உதிர்வு சாதாரண மருந்தில் 66 விழுக்காட்டினருக்கு. லிபோசோம் வகையில் 20. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோலுரியும் தொல்லை லிபோசோம் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கு. சாதாரண மருந்து பெற்றவர்களில் 2 விழுக்காட்டினருக்கே.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். நோயை அழிக்கும் வலிமை கூடவில்லை. துன்பம் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாறியிருக்கிறது. இதயம் பலவீனமான ஒருவருக்கு அந்த மாற்றம் உயிர் காப்பது. இதயம் நன்றாக உள்ள, முழுமையாகக் குணமாக வாய்ப்புள்ள ஒருவருக்கு, பல்லாண்டுகளாகச் சோதித்து நிறுவப்பட்ட சாதாரண மருந்தே முதல் தேர்வு.

பாக்ளிடாக்சல் என்னும் மருந்தின் கதை வேறு. எங்களுக்கு மிகவும் பிடித்த கதையும் அதுவே. ஊசியிலை மரம் ஒன்றின் பட்டையிலிருந்து கண்டறியப்பட்ட இம்மருந்து நீரில் கரையாது. ஆகவே ஆமணக்கெண்ணெயை வேதிமாற்றம் செய்து பெறும் கரைப்பான் ஒன்றில் கலந்து ஏற்றுகிறோம். ஒவ்வாமை, மூச்சுத் திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி போன்ற தொல்லைகளில் பெரும்பகுதி மருந்தினால் அல்லாமல் அந்தக் கரைப்பானால் வருவது. அதனால்தான் மருந்தேற்றும் முன் ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் கொடுத்து, மூன்று மணி நேரம் மெல்ல ஏற்றுகிறோம். நம் இரத்தத்திலேயே உள்ள ஆல்புமின் என்னும் புரதத்தோடு பாக்ளிடாக்சலைப் பிணைத்து, சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கியபோது கரைப்பானே தேவையற்றுப் போயிற்று. அரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். கரைப்பானின் இடையூறு இல்லாததால் மருந்தின் அளவையும் கூட்ட முடிந்தது. 2005-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுநோயில் கட்டி சுருங்கியவர்கள் கரைப்பான் வகையில் 19 விழுக்காடு, ஆல்புமின் வகையில் 33 விழுக்காடு. கடுமையான நரம்பு மரத்துப்போதல் 2 விழுக்காட்டிலிருந்து 10 ஆகவும் உயர்ந்தது. இத்துகள் இரத்தத்தில் சேர்ந்ததும் விரைவில் சிறு சிறு கூறுகளாகப் பிரிந்துவிடுகிறது. கட்டி வரை ஒரே துகளாகச் செல்வதுகூட இல்லை. தீங்கு செய்த கரைப்பானை விட்டொழித்ததே இங்கு முதல் ஆதாயம்.

இந்தியாவும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. கரைப்பான் இல்லாத பாக்ளிடாக்சலைப் பலபடித் துகள்களில் அடைத்து 'நானாக்ஸெல்' என்ற பெயரில் டாபர் பார்மா நிறுவனம் 2007-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் டாக்ஸில் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, 2012-இல் அந்நாட்டு அரசு சன் பார்மா நிறுவனத்தின் 'லிபோடாக்ஸ்' மருந்தை இந்தியாவிலிருந்து தற்காலிகமாக இறக்குமதி செய்ய அனுமதித்தது. 2013-இல் அந்நிறுவனத்தின் பொதுப்பெயர் மருந்துக்கே ஒப்புதல் அளித்தது. ஆகவே "நானோ என்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்" என்று யாரேனும் கூறி முன்பணம் கேட்டால், கொடுக்காதீர்கள்.

சிதம்பரத்திலிருந்து ஓர் ஆய்வு

நமது வட்டாரத்தில் வாய்ப்புற்றுநோய் மிகுதி. புகையிலையும் பாக்கும் அதற்கு முதன்மைக் காரணங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல், உயிர்வேதியியல் துறைகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதையொட்டிச் செய்த ஆய்வு ஒன்று 2013-இல் பன்னாட்டு இதழில் வெளியானது. எலுமிச்சைக் குடும்பப் பழங்களில் உள்ள நாரிஞ்செனின் என்னும் பொருளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். இது நீரில் எளிதில் கரையாது. உண்டால் உடலில் சேர்வதும் குறைவு. அதைப் பலபடி நானோதுகள்களில் அடைத்தார்கள். கன்னப்பையில் வேதிப்பொருள் தடவிப் புற்று உண்டாக்கப்படும் ஹாம்ஸ்டர் என்னும் கொறிவிலங்குகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அடைக்காமல் கொடுத்ததைவிட அடைத்துக் கொடுத்தது கட்டி தோன்றாமல் தடுப்பதில் மேலான பலனைத் தந்தது. அதே பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் மையத்திலும், அலையாத்திக் காட்டுச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையைக் கொண்டு வெள்ளி நானோதுகள்களை உருவாக்கி 2009-இல் ஆய்வு வெளியிட்டுள்ளனர். அது புற்றுநோய் மருந்தன்று. துகள்களை எளிய முறையில் செய்யும் வழி பற்றியது.

இவை நமக்குப் பெருமை தருபவை. "பக்கத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்களே, ஏன் தரவில்லை?" என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது: ஹாம்ஸ்டரின் கன்னத்தில் கட்டி வராமல் தடுப்பது ஒன்று, மனிதரின் வாயில் ஏற்கெனவே வந்துவிட்ட கட்டியை அகற்றுவது முற்றிலும் வேறொன்று. இடையில் நஞ்சுத்தன்மைச் சோதனைகளும், மனிதரிடம் மூன்று கட்ட ஆய்வுகளும் இருக்கின்றன. அந்தப் பாதையில் பெரும்பாலான மருந்துகள் நின்றுவிடுகின்றன. ஆரஞ்சுச் சாறு குடித்தால் அதே பலன் கிட்டும் என்பதும் இதற்குப் பொருளன்று.

மனிதரிடம் நடைபெறும் மருந்தாய்வில் சேருமாறு உங்களை யாரேனும் அழைத்தால், இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் முதல் அப்பதிவு கட்டாயம். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் விலை கேட்டால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'நானோ மஞ்சள்', 'நானோ தங்கம்' என்ற பெயர்களில் மாத்திரைகளும் சொட்டு மருந்துகளும் விற்கப்படுகின்றன. "சித்த மருத்துவத்தின் பற்பமும் செந்தூரமும் நானோதானே?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். பற்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் துகள் சிறியது என்பதனாலேயே அது கட்டிக்குப் போகும் என்றோ, தீங்கற்றது என்றோ ஆகிவிடாது. பாதரசம் முதலான உலோகங்கள் சேர்ந்த மருந்தும் கீமோவும் ஒரே வேளையில் ஒரே கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சுமக்க வைக்கின்றன. எது சாப்பிட்டாலும் எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். மறைத்ததனால் இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஏன் மோசமாயின என்று தெரியாமல் சிகிச்சையை நிறுத்தி வைக்க நேர்ந்ததுண்டு.

உங்களுக்கு இம்மருந்து எழுதப்பட்டிருந்தால்

சினைப்பைப் புற்றுநோய் மீண்டு வந்தவர்கள், பரவிய மார்பகப் புற்றுநோயில் இதயம் பலவீனமாக உள்ளவர்கள், கணையப் புற்றுநோய் கொண்டவர்களில் சிலர், கரைப்பானுக்குக் கடும் ஒவ்வாமை காட்டியவர்கள் ஆகியோருக்கே நாங்கள் பெரும்பாலும் இவ்வகை மருந்துகளை எழுதுகிறோம். எழுதும்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் நோய்நிலைக்கு அது அடங்குமா என்பதைத் திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்கும் முன்பே நகையைக் கழற்ற வேண்டாம்.

லிபோசோம் டாக்ஸோரூபிசின் முதன்முறை ஏறும்போது முகம் சிவத்தல், நெஞ்சு இறுக்கம், முதுகுவலி தோன்றலாம். உடனே செவிலியரை அழையுங்கள். மருந்தோட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, பின் மெதுவாகத் தொடங்கினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போவது மருந்தின் நிறமே; அஞ்ச வேண்டியதில்லை. 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், இரவு எந்நேரமானாலும் வந்துவிடுங்கள். 'நானோ' என்பதால் வெள்ளணுக்கள் குறையாது என்று எண்ண வேண்டாம்.

கை, கால்களைப் பற்றித்தான் நாங்கள் மிகுதியாகக் கவலைப்படுகிறோம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் உராய்வும் சூடும் அழுத்தமும் சேரும்போது அங்குள்ள நுண்குழாய்களிலிருந்து துகள் கசிகிறது. வியர்வை வழியாகவும் அது தோலுக்கு வருகிறது. முதலில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், பிறகு சிவக்கும், கவனிக்காவிட்டால் கொப்புளித்து உரியும். எங்கள் பகுதியில் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்கள் பலர். ஓட்டின் எண்ணெய் சாதாரணமாகவே கையைப் பொத்துவிடும். இம்மருந்து பெறும் காலத்தில் அந்த வேலையை அறவே விட வேண்டும். கையில் சாம்பல் தடவிக்கொண்டு செய்தால் போதும் என்பது போதாது. மீன் செதில் நீக்குதல், கல்லில் துணி அடித்துத் துவைத்தல், கொதிக்கும் வெந்நீரில் பாத்திரம் தேய்த்தல் ஆகியவற்றையும் வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். ஆனித் திருமஞ்சன நாளில் சுடுகல் பாவிய பிரகாரத்தை வெறுங்காலுடன் சுற்றிவிட்டு, மறுநாள் நடக்க முடியாமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். வேண்டுதலைக் காலை குளிர்ச்சியில் முடித்துக்கொள்ளலாம். அல்லது சிகிச்சை முடியும் வரை தள்ளி வைக்கலாம். இறுக்கமான செருப்பு வேண்டாம். வாசனையற்ற களிம்பை மெதுவாகத் தடவுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். சிவப்பு தோன்றியவுடன் சொன்னால் அடுத்த தவணையைத் தள்ளிவைத்தோ, அளவைக் குறைத்தோ சமாளித்துவிடலாம். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்களுக்கே கடைசியில் மருந்தை நிறுத்த வேண்டி வருகிறது.

ஆல்புமின் வகைப் பாக்ளிடாக்சல் பெறுவோர் விரல் நுனிகளைக் கவனிக்க வேண்டும். சட்டைப் பொத்தான் போட வரவில்லை, கோலப்பொடி விரலிடுக்கில் நிற்காமல் சிந்துகிறது, செருப்பு கழன்றது தெரியவில்லை என்பவை நரம்பு பாதிப்பின் முதல் அடையாளங்கள். தவணையைத் தள்ளிவைத்தால் பலருக்குச் சில வாரங்களில் இது தணிகிறது.

பண்ருட்டித் தாய்க்கு நாங்கள் சாதாரணச் சிவப்பு மருந்தையே, இதய எக்கோ பரிசோதனை செய்து பார்த்த பின், கொடுத்தோம். முடி முழுவதும் உதிர்ந்தது. இரண்டாம் தவணையில் வாய்ப்புண்ணால் ஒரு வாரம் கஞ்சிதான். பின்னர் அறுவை சிகிச்சையும் கதிரியக்கமும் முடிந்தன. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துச் செல்கிறார். தோப்பு அவர்களிடமே இருக்கிறது. நோய் திரும்பாது என்று நாங்கள் வாக்களிக்கவில்லை. ஒருவேளை திரும்பினால், அப்போது லிபோசோம் வகையும் பயன்படுத்துவதற்கு எஞ்சியிருக்கும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்.

கடைசியாக, மருந்தை வெளியிலிருந்து வாங்கி வருவோருக்கு ஒரு வேண்டுகோள். இரு வகை டாக்ஸோரூபிசினும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. அளவும் வேறு, இடைவெளியும் வேறு. குப்பியின் மேல் 'லிபோசோம்' என்ற சொல் உள்ளதா என்பதை எங்கள் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள். லிபோசோம் மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ பேருந்தில் கொண்டுவரும்போது பனிக்கட்டிப் பொதியுடன் கூடிய பெட்டியில், குப்பி பனிக்கட்டியை நேரே தொடாதவாறு துணி சுற்றி எடுத்து வாருங்கள். வீட்டில் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள். மேலே உள்ள உறைபெட்டியில் வைத்துவிட்டால் கொழுப்புக் கூடு உடைந்து மருந்து வெளியேறிவிடும். அந்தக் குப்பியை எங்களால் பயன்படுத்த இயலாது.